ஒற்றைப் பனைத் தோப்பும் பால்மரக் காடும்

தாய்நாட்டைப் பற்றிய பாடல் என்றதும், பள்ளிச் சபைகூடலில் நிமிர்ந்து நின்று பாடிய பாடலே பலருக்கும் முதலில் நினைவுக்கு வருகிறது. அது நாட்டு வாழ்த்து. இக்கட்டுரை பேசுவது வேறொரு வகையைப் பற்றி. பிறந்த மண்ணை விட்டுப் பிரிந்தவர்களும், இருந்த இடத்திலேயே மண்ணைப் பறிகொடுத்தவர்களும், அந்த மண்ணின்மீதுள்ள அன்பையும் அதை இழந்த துயரையும் பிரிக்க முடியாதபடி கலந்து பாடிய பாடல்களே அவை. வசதிக்காக அவற்றை மண்துயர்ப் பாடல்கள் என்று அழைப்போம். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைப் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில் வளர்ந்தவர்களுக்கு இவை புதியவை அல்ல. மாரியம்மன் திருவிழாக் கும்மியிலும், சாவு வீட்டு ஒப்பாரியிலும், பேரப்பிள்ளையைத் தூளியில் ஆட்டும் பாட்டியின் முணுமுணுப்பிலும் அவற்றைக் கேட்டிருப்போம். ஆனால் இது ஒரு தனி வகை என்பதையும், தமிழில் இதற்குச் சங்க காலம் தொட்டு வரலாறு உண்டு என்பதையும் யாரும் நமக்கு எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வாழ்த்துப் பாடலில் நாடு பாடுபவரின் கண்முன்னே நிற்கிறது. அவர் அதன்மேல் கால் ஊன்றிக்கொண்டு, பலரோடு சேர்ந்து, அது நெடிது வாழ வேண்டும் என்று வருங்காலத்தை நோக்கிப் பாடுகிறார். மண்துயர்ப் பாடலில் நாடு எட்டாத தொலைவில் இருக்கிறது, அல்லது கையை விட்டுப் போய்விட்டது. பாடுபவர் பெரும்பாலும் தனியாள், அவர் பார்வை முழுதும் கடந்த காலத்தின்மேல் இருக்கிறது. வாழ்த்து மலையையும் கடலையும் ஆறுகளையும் சொல்லும். துயர்ப் பாடல் ஒரு கிணற்றையோ ஒரு மரத்தையோ வீட்டு வாசலையோ சொல்லும். மெட்டை வைத்து இவ்விரண்டையும் பிரித்துவிட முடியாது. 1957இல் மலாயாவின் நாட்டுப்பண்ணாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ‘நெகாராகூ’வின் மெட்டு, அதற்கு முன்பே எங்கள் பேராக் மாநிலப் பண்ணின் மெட்டாகவும், ‘தெராங் புலான்’ என்ற நிலவொளிப் பாட்டின் மெட்டாகவும் வழங்கியதுதான். ஒரே மெட்டு சுல்தானுக்கும் காதலுக்கும் பிறகு நாட்டுக்கும் பொருந்திவிட்டது. ஆகவே பாடுபவர் எங்கே நின்றுகொண்டு எதை நோக்கிப் பாடுகிறார் என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

தமிழில் இவ்வகைக்குத் தொடக்கமாக எடுத்துக்கொள்ளத் தக்கது புறநானூற்றின் 112ஆம் பாடல். பறம்பு மலையை ஆண்ட பாரியை மூவேந்தரும் முற்றுகையிட்டு, நேர்ப்போரில் வெல்ல இயலாமல் வஞ்சனையால் கொன்றபின், அவனுடைய மகளிர் இருவரும் பாடியதாக அது வழங்குகிறது. இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையே அந்தப் பறம்பு என்று சொல்வர். பாடல் ஐந்தே அடிதான்:

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்
எந்தையும் உடையேம் எம்குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவில்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே.

சென்ற திங்களின் வெண்ணிலவில் எங்களுக்குத் தந்தை இருந்தார், எங்கள் குன்றையும் பிறர் கொள்ளவில்லை. இந்தத் திங்களின் வெண்ணிலவில் வேந்தர் எங்கள் குன்றையும் கொண்டனர், எங்களுக்குத் தந்தையும் இல்லை. பொருள் இவ்வளவுதான். ஆனால் வைப்புமுறையைப் பாருங்கள். முதலில் தந்தை, பிறகு குன்று. நிலவு மாறியபின் முதலில் குன்று, பிறகு தந்தை. தந்தையில் தொடங்கித் தந்தையில் முடியும் பாடலின் நடுவில் மலை அகப்பட்டு நிற்கிறது. மலையைத் தனியாகவும் தந்தையைத் தனியாகவும் அந்தப் பெண்களால் நினைக்க முடியவில்லை என்பதை வேறு எந்த விளக்கமும் இல்லாமல் அந்த வரிசையே சொல்லிவிடுகிறது. ‘வென்றெறி முரசின் வேந்தர்’ என்ற தொடரை இகழ்ச்சிக் குறிப்பாகப் பழைய உரை காட்டுகிறது: வஞ்சித்துக் கொன்றவர்களை வெற்றி முரசு கொட்டுபவர்கள் என்று சொல்வதில் ஒரு கசப்பு இருக்கிறது. அழுகைக்கு நடுவே இப்படி ஒரு குத்தல் விழுவது இவ்வகைப் பாடல்களுக்கு ஒரு வழக்கம். தோட்டத்துப் பாட்டிலும் அதைப் பார்க்கப் போகிறோம்.

அடுத்து வரும் 113ஆம் பாடலில், பாரியின் நண்பரான கபிலர் அந்த மகளிரை அழைத்துக்கொண்டு மலையை விட்டு இறங்கும்போது மலையையே முன்னிலைப்படுத்திப் பேசுகிறார். கள்சாடிகள் திறந்திருக்க, சோறும் கறியும் கேட்டவர்க்கெல்லாம் கிடைக்க, முன்பு எங்களோடு நட்புக்கொண்டிருந்தாயே. இப்போது பாரி மாய்ந்தான் என்று கலங்கி, நீர் வடியும் கண்களோடு உன்னைத் தொழுது போகிறோம், வாழ்க பெரும்புகழ்ப் பறம்பே என்கிறார். மண்ணை ஒரு நட்பாளாக எதிரே நிறுத்திப் பேசுவதும், பிரியும்போது அதை வாழ்த்திவிட்டுப் போவதும் அப்போதே வந்துவிட்டன.

என் கணக்கில் இவை எல்லாவற்றையும் விடக் கூர்மையானது 116ஆம் பாடல். ஒரு காலத்தில் பறம்பின் உச்சியில் நின்று, படையெடுத்து வந்த வேந்தர்களின் பொன்னணி பூண்ட குதிரைகளை எண்ணிய அதே பெண்கள், இப்போது சுரைக்கொடி படர்ந்த ஒரு சிறு வீட்டின் பக்கத்தில், ஈச்ச இலைக் குப்பைமேட்டின்மேல் ஏறி நின்றுகொண்டு, உப்பு வணிகர்களின் வண்டிகளை எண்ணுகிறார்கள். உயரமான இடத்தில் ஏறி நின்று எண்ணும் பழக்கம் போகவில்லை. ஏறுவதற்கு மலைதான் இல்லை. நாட்டை இழப்பது என்றால் என்ன என்று கேட்கும் ஒருவருக்கு நான் முதலில் காட்டுவது இந்தக் குப்பைமேட்டைத்தான்.

இலக்கண நூல்கள் இப்பாடல்களை எங்கே வைத்தன என்பதும் கவனிக்க வேண்டியது. புறத்திணையில் கொற்றவள்ளை என்று ஒரு துறை உண்டு. பகைவர் நாடு அழிவதற்கு இரங்குவது அதன் பொருள். ஆனால் அந்த இரக்கம் வென்ற மன்னனின் புகழைச் சொல்லும் புலவனுடைய வாயிலிருந்து வருவது. அழிந்த நாட்டின் மக்கள் அங்கே பேசுவதில்லை. நாட்டை இழந்தவர்களே பாடிய 112ஆம் பாடலோ கையறுநிலைத் துறையில் வைக்கப்பட்டது. கையறுநிலை என்பது இறந்தவரை நினைத்துச் செயலற்று வருந்தும் துறை. அதாவது, மண் போனதைப் பாடுவதற்கு உரிய இடம் சாவைப் பாடும் இடமே என்று முன்னோர் கருதினர். பின்னாளில் எழுத்தறியாத பெண்கள் ஊரை நினைத்துப் பாடியபோது ஒப்பாரியின் மெட்டையும் அடுக்கையும் எடுத்துக்கொண்டதற்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் புறநானூறு படித்தவர்கள் அல்லர். ஆயினும் அதே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

இது தமிழருக்கு மட்டும் உரிய உணர்வு அன்று. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட யூதர்களின் 137ஆம் சங்கீதத்தை இங்குள்ள தேவாலயங்களில் தமிழிலேயே வாசிக்கக் கேட்டிருக்கலாம்: ‘பாபிலோன் ஆறுகள் அருகே நாங்கள் உட்கார்ந்து, அங்கே சீயோனை நினைத்து அழுதோம்.’ கின்னரங்களை மரத்தில் மாட்டிவிட்டு, அந்நிய தேசத்தில் எங்கள் பாட்டை எப்படிப் பாடுவோம் என்று கேட்பதே அங்கே பாட்டாகிவிடுகிறது. ஐரோப்பாவில் 1688இல் யோகான்னஸ் ஹோஃபர் என்பவர் பாசல் நகரில் அளித்த மருத்துவ ஆய்வேட்டில், ஊர் ஏக்கத்தை உடலை வாட்டும் ஒரு நோயாகவே விவரித்தார். கூலிப்படையில் சேர்ந்து அயல்நாடுகளில் இருந்த சுவிட்சர்லாந்து வீரர்கள் தங்கள் ஊர் மாடு மேய்ப்பவர்களின் பாட்டைக் கேட்டால் அழுது படையை விட்டு ஓடிவிடுகிறார்கள் என்பதால் அப்பாட்டு தடை செய்யப்பட்டிருந்ததாக ரூசோ தம் இசை அகராதியில் எழுதினார். மலாய் மொழியில் ஊர் விட்டு ஊர் சென்றவர்களின் மனநிலையைச் சொல்லும் பந்துன்கள் என்னும் நாலடிப் பாடல்கள் ஒரு தனி வகையாகவே உண்டு. பிறர் நாட்டில் பொன்மழை பெய்தாலும், தன் நாட்டில் கல்மழை பெய்தாலும், தன் நாடே நல்லது என்ற மலாய்ப் பழமொழியை இங்கே பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள்.

இனித் தோட்டத்துக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து மக்கள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் கூட்டம் கூட்டமாகச் சென்றனர். மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. அதன்பின், ஆள் திரட்டி வேலை வாங்கும் கங்காணிகள் வழியாக ஆள் எடுப்பது ஓங்கியது. 1938இல் இந்திய அரசு அதற்கும் தடை விதித்தது. நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர்களுள் பலர் ஊர் திரும்பவில்லை. கடிதம் எழுதத் தெரியாதவர்களுக்குப் பாட்டே கடிதம் ஆயிற்று. இலங்கை மலையகத்தில் இவர்களைப் போன்றவர்கள் பாடிய ஒரு பாட்டு, கடல் கடந்த தமிழர் பாடல்களுள் மிகவும் புகழ்பெற்றது:

ஊரான ஊரிழந்தேன்
ஒத்தப்பனைத் தோப்பிழந்தேன்
பேரான கண்டியிலே
பெத்த தாயை நான்மறந்தேன்.

நான்கு சிறு அடிகள். முதலடியில் ஊர் என்ற பெரிய இழப்பு. இரண்டாமடியில் அதே இழப்பு ஒற்றைப் பனை நிற்கும் தோப்பாகச் சுருங்குகிறது. சுருங்கச் சுருங்கத்தான் அது நம்மைத் தாக்குகிறது. ஊர் என்று கேட்டபோது நமக்கு எந்த ஊரும் தெரியவில்லை. ஒற்றைப் பனை என்றதும் வறண்ட வரப்பும் அதில் தனித்து நிற்கும் மரமும் கண்ணில் படுகின்றன. வளமான நஞ்சையையோ கோபுரத்தையோ அந்தப் பெண் சொல்லவில்லை. அவளுக்கு இருந்ததே அவ்வளவுதான் போலும், அதையும் இழந்தாள். மூன்றாமடியில் கண்டிக்குப் ‘பேரான’ என்று அடைமொழி வருகிறது. பேர்பெற்ற கண்டிச் சீமை என்று ஆசை காட்டி அழைத்துவந்த ஆள்கட்டியின் சொல்லை அவனிடமே திருப்பி வீசுவதாக அது எனக்குக் கேட்கிறது. ‘வென்றெறி முரசின் வேந்தர்’ என்றதன் உறவுக்காரச் சொல் அது. கடைசியடியில் ‘இழந்தேன்’ என்பது ‘மறந்தேன்’ என்று மாறுகிறது. ஊர் பறிபோனது, தாயை மறந்ததோ தன் குற்றம். பழி இவ்வாறு பாடுபவளின் தலையிலேயே வந்து விழும்போது அன்பு எது, துயர் எது என்று இனிப் பிரிக்க இடமில்லை. இத்தகைய பாடல்களைச் சேகரித்து நூலாக்கியவர்களுள் மலையகத்தின் சி.வி. வேலுப்பிள்ளை முதன்மையானவர்.

மலாயாவின் பால்மர (ரப்பர்) தோட்டங்களில் பாடப்பட்ட ஒரு பாட்டு, ஊருக்கு ஊர் சிறு சொல் மாற்றங்களுடன், இப்படிப் போகும்:

பாலுமரம் வெட்டலான்னு
பழைய கப்பல் ஏறிவந்தேன்
நாப்பத்தஞ்சு காசு போட்டு
நட்டெலும்ப முறிச்சானே.

இதில் ஊரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பிறகு ஏன் இதை இங்கே சேர்க்கிறேன் என்று கேட்கலாம். ‘ஏறிவந்தேன்’ என்ற சொல்லில் விட்டு வந்த கரை இருக்கிறது. கப்பல் பழையது என்று சொல்வதிலேயே, ஏறும்போதே மனத்தில் ஒரு நெருடல் இருந்ததும், இருந்தும் ஏற வேண்டிய நிலை இருந்ததும் தெரிகின்றன. மீதி இரண்டு அடிகளும் கூலிக் கணக்கு. நாற்பத்தைந்து காசு என்று எண்ணிச் சொல்லும் துல்லியத்தைக் கவனியுங்கள். நட்டெலும்புக்கு என்ன விலை என்று அந்தப் பாட்டு கணக்குப் பார்க்கிறது. முறித்தவன் யார் என்று பெயர் சொல்லவில்லை. கங்காணியா, கணக்கெழுதும் கிராணியா, தோட்டத்துத் துரையா என்பது பாடும் இடத்தையும் கேட்பவரையும் பொறுத்தது. விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்ட பின், பால் பிடிக்கும் மங்கும் கத்தியுமாக நிரை நிரையாகப் பிரிந்து போனவர்கள், வேலைக்காட்டில் மேற்பார்வை பார்க்கும் தண்டலின் காதில் விழாத தொலைவில் இதைப் பாடியிருப்பார்கள் என்றே எண்ணத் தோன்றுகிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இரா. தண்டாயுதமும், தோட்ட வாழ்க்கையை உள்ளிருந்தே அறிந்த முத்தம்மாள் பழனிசாமியும் இத்தகைய பாடல்களைத் தொகுத்துக் காப்பாற்றியவர்கள்.

கடல் கடந்தவர்களின் துயரைத் தாயகத்திலிருந்து பாடியவர் பாரதியார். பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் உழன்ற இந்தியப் பெண்களை நினைத்து அவர் எழுதிய பாடலில், ‘நாட்டை நினைப்பாரோ’ என்றும் ‘வீட்டை நினைப்பாரோ’ என்றும் கேட்கிறார். அவர்கள் விம்மி அழும் குரலைக் கேட்டிருப்பாய் என்று காற்றிடம் சொல்கிறார். மேலே பார்த்த நாட்டுப்பாட்டோடு இதை வைத்துப் பார்த்தால், ஊரில் இருப்பவர் பாடுவதற்கும் கடல் கடந்தவர் பாடுவதற்கும் உள்ள வேறுபாடு புலப்படும். பாரதியாருக்கு அப்பெண்களின் ஒற்றைப் பனை எது என்று தெரியாது. ஆகவே அவர் கேள்வியாகவே கேட்கிறார். அது அவருடைய நேர்மை. தெரியாத ஊரைத் தெரிந்ததுபோல் அவர் வருணிக்கவில்லை.

போர்க்காலம் இரு வகைப் பாடல்களையும் ஒரே மக்களின் வாயில் வைத்தது. 1943இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தபின், தோட்டத்து இளைஞர்களும் பெண்களும் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். அதன் மகளிர் பிரிவான ஜான்சி ராணிப் படைப் பெண்களுள் பலர் இந்தியாவைக் கண்ணால் பார்த்திராத மலாயாப் பிறப்புகள். அவர்கள் ‘கதம் கதம் படாயே ஜா’ என்ற அணிநடைப் பாட்டைத் தங்கள் வீட்டில் பேசாத இந்துஸ்தானியில் பாடினார்கள். அதே ஆண்டுகளில், வேறு பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் சயாம் பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டுக் காட்டிலேயே மாண்டார்கள். ஒன்றுக்கு இசைக்குழுவும் மேடையும் இருந்தன. மற்றொன்றுக்கு, திரும்பி வராத கணவனை நினைத்து லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் பாடிய ஒப்பாரிதான் இருந்தது. பார்த்திராத நாட்டுக்காக ஒருவர் மனமார வீறுகொண்டு பாட முடியும். பார்த்திராத நாட்டுக்காக ஒப்பாரி வைப்பது கடினம். ஒப்பாரிக்குக் கையால் தொட்டுப் பழகிய பொருள்கள் வேண்டும்.

இங்கேதான் எங்கள் ஊர்களுக்கே உரிய ஒரு திருப்பம் நிகழ்கிறது. ‘எந்தையும் தாயும் மகிழ்ந்து குலாவி இருந்ததும் இந்நாடே’ என்று தொடங்கும் பாரதியார் பாடல், ஒரு மண்ணைத் தன் நாடு என்று சொல்வதற்கான காரணங்களை வரிசையாக அடுக்குகிறது. தாய் தந்தையர் வாழ்ந்த இடம், முந்தையர் ஆயிரம் ஆண்டுகள் வாழ்ந்து முடிந்த இடம், பெண்கள் பிள்ளை பெற்று அமுதூட்டிய இடம், கோயில்கள் சூழ்ந்த இடம், கடைசியில் அவர்கள் உடலின் துகள் மண்ணோடு கலந்த இடம். முதல் தலைமுறைத் தோட்டத் தொழிலாளிக்கு இந்த வரிசை முழுவதும் தமிழ்நாட்டையே காட்டியது. அவருடைய பேத்திக்கோ, ஆயிரம் ஆண்டு என்ற ஒன்றைத் தவிர மற்ற அனைத்தும் தோட்டத்தையே காட்டுகின்றன. தாயும் தந்தையும் லயத்தில் வாழ்ந்தார்கள். பிள்ளைகள் அங்கே பிறந்து, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் வளர்ந்தார்கள். காளியம்மனும் முனியாண்டியும் அங்கே குடிகொண்டார்கள். பாட்டனின் சாம்பல் தோட்டத்து ஆற்றில் கரைந்தது. நாட்டுப்பற்றைச் சொல்லும் பாடல் ஒன்று தன் இலக்கணத்தாலேயே பால்மரக் காட்டைத் தாய்மண் ஆக்கிவிட்டது. ‘நாப்பத்தஞ்சு காசு’க்கு நட்டெலும்பை முறித்த அதே காட்டைத்தான் சொல்கிறேன்.

அப்படி ஆன பிறகு அந்த மண்ணும் கைவிட்டுப் போகத் தொடங்கியது. 1950களின் இறுதியில் வெள்ளையர் முதலாளிகள் பெருந்தோட்டங்களை விற்க, அவை சிறு துண்டுகளாக்கி மறுவிற்பனை செய்யப்பட்டன. தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒன்றாக இழந்தனர். இந்தத் துண்டாடலுக்கு மாற்றாகத்தான் எங்கள் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன், தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்குவதற்காகத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை 1960இல் தொடங்கினார். 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் கட்டாயமானபோது, சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். ஊர் திரும்புவது என்பது பழைய பாட்டுகளின் கனவு. திரும்பியவர்களுக்கோ அங்கே ஊர் இல்லை. மலாயாவில் இருந்த மாமன் மச்சானையும், மரவள்ளிக் கொல்லையையும், காலையில் ரொட்டியும் கோப்பியும் பசியாறிய பழக்கத்தையும் நினைத்து ஏங்கியவர்கள் அவர்களுள் உண்டு. துயர் திசை மாறிக் கடலைக் கடந்தது. பின்னர்ப் பால்மரம் அழிந்து, எண்ணெய் தரும் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை கைகள் தேவைப்படவில்லை. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. தோட்டத்து மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளில் ஏறினார்கள்.

இந்த இரண்டாம் இழப்பைப் பாடும் பாட்டு எப்படி இருக்கும் என்பதற்கு நான் நேரில் கேட்ட ஒன்றைச் சொல்கிறேன். லயங்கள் இடிக்கப்பட்டுச் செம்பனைக்கு நடுவே கோயில் மட்டும் எஞ்சியிருக்கும் ஒரு தோட்டத்தில், ஆண்டுத் திருவிழாவுக்குப் பழைய குடும்பங்கள் பல ஊர்களிலிருந்தும் வந்து கூடுவது வழக்கம். கும்மி முடிந்து பெண்கள் களைத்து உட்கார்ந்திருந்த நேரத்தில் ஒரு மூதாட்டி மெல்லப் பாடத் தொடங்கினார். மெட்டு ஒப்பாரி மெட்டு. ஆனால் இறந்தவர் யாரும் அதில் இல்லை. பெரட்டுக்களம், ஆபீசு, பால் நிறுக்கும் கொட்டகை, ஆயாக்கொட்டகை, குழாயடி, லயத்தின் முதல் வரிசை என்று ஒவ்வோர் இடமாக அவர் அடியடியாகச் சொல்லிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் பக்கத்தில் இருந்த இன்னொரு பெண்மணி பாட்டை நிறுத்தினார். “இல்ல அக்கா, ஆயாக்கொட்டகைக்கு அப்புறம் கிராணி வீடு, அது தாண்டித்தான் குழாயடி” என்றார். பாடியவர் ஒரு கணம் யோசித்து, ஆமாம் என்று தலையசைத்து, கிராணி வீட்டையும் சேர்த்து முதலிலிருந்து மறுபடி பாடினார்.

அந்தத் திருத்தத்தைக் கேட்ட பிறகுதான் அப்பாட்டின் வரிசை செம்மண் சடக்கில் (சாலையில்) நடந்து போகும் வரிசை என்று எனக்குப் பிடிபட்டது. எதுகை மோனைக்காக இடங்கள் முன்பின்னாக மாற்றப்படவில்லை; தோட்டத்தின் வரைபடமே பாட்டாக இருந்தது. இடம் அழிந்துவிட்ட நிலையில் அதைத் திருத்தமாக நினைவு வைத்திருப்பதுதான் அன்பு என்றால், ஒரு வீட்டை விட்டுவிடுவதும் அங்கே பிழைதான். மேடைகளில் இன்று பாடப்படும் பல புதிய மண்வாசனைப் பாடல்களில் எனக்குக் குறையாகப் படுவது இதுவே. பச்சைப் பசேல், பாசமுள்ள மக்கள், அந்த நாள் ஞாபகம் என்று அவை பொதுவாகச் சொல்லிக்கொண்டே போகின்றன. பீடோங்குக்கும் பொருந்தும், தெலுக் இந்தானுக்கும் பொருந்தும், எனவே எந்த ஊரையும் தொடுவதில்லை. குரல் நன்றாக இருக்கிறது, வாத்தியமும் நன்றாக இருக்கிறது. கிராணி வீடு எங்கே என்று மட்டும் தெரியவில்லை.

ஆகவே இத்தகைய பாடல் ஒன்று காதில் விழும்போது, தொடக்கநிலையில் இருப்பவர் முதலில் அதில் வரும் சிறிய பொருள் எது என்று பார்க்கலாம். பிறகு, அப்போது என்றும் இப்போது என்றும் இரண்டு காலங்களை அது எங்கே எதிரெதிரே நிறுத்துகிறது என்று பார்க்கலாம். 112ஆம் பாடலில் அதை நிலவு செய்தது, தோட்டத்துப் பாட்டில் கப்பல் செய்கிறது, அந்த மூதாட்டியின் பாட்டில் அவர் பாடிய இடமே செய்தது. யாரை நோக்கிப் பாடப்படுகிறது என்பதும் முக்கியம். மலையை, காற்றை, தாயை விளித்துப் பாடும்போது பதில் கிடைக்காது என்று பாடுபவருக்குத் தெரியும்; ‘முறிச்சானே’ என்று படர்க்கையில் நிறுத்தும்போது கேட்பவரைச் சாட்சிக்கு அழைக்கிறார். தாலாட்டையும் விட்டுவிட வேண்டாம். மாமன் எந்த ஊரிலிருந்து என்ன கொண்டுவருவான் என்று பாடும் தாலாட்டில், குழந்தை ஒருபோதும் பார்க்கப்போகாத ஊர்ப் பெயர்கள் தலைமுறை கடந்து வருகின்றன.

உங்கள் வீட்டில் பாடத் தெரிந்த பெரியவர் இருந்தால், கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு, பிறகு அவர் சொன்னபடியே எழுதுங்கள். ‘பெத்த’ என்பதைப் ‘பெற்ற’ என்று திருத்தினால் ஓசையும் போகும், பாடியவரும் போய்விடுவார். அச்சில் வந்த சில தொகுப்புகளில் இந்தத் திருத்தும் வேலை நடந்திருப்பது வருத்தத்துக்குரியது. ஒரே பாட்டை இருவர் வேறுவேறாகப் பாடினால் இரண்டையும் எழுத வேண்டும். எந்த வேலையின்போது, யாரிடமிருந்து கற்றார், எந்தத் தோட்டத்தில் எந்தப் பிரிவில் இருந்தார் என்பவற்றையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும். தோட்டங்களுக்குக் கம்பெனி வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்றும், நம் மக்கள் வைத்த வழக்குப் பெயர் ஒன்றும் இருப்பது உண்டு. பாட்டில் வருவது வழக்குப் பெயர்தான். நில அலுவலகத்து வரைபடத்தில் இருப்பது கம்பெனிப் பெயர். இரண்டையும் சேர்த்துக் கேட்டு எழுதி வைத்தால், பின்னால் வருபவர் அந்த இடத்தை வரைபடத்திலும் தேடிப் பார்க்கலாம்.